நாற்பத்தோராம் பக்கம்

இனிப்புப் பணிஸைச் சுற்றியிருந்த கடுதாசியைக் கசக்கி எறியப் போன கை பாதியில் நின்றது. அச்சகத்துக்கு எதிர்ப்பக்கத் தேநீர்க்கடை மரவாங்கில் இருந்த ஜெயரூபினி, அந்தக் கடுதாசியை மடியில் போட்டு உள்ளங்கையால் நீவினாள். கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித்தாள். எண்ணெய் ஊறியிருந்தாலும் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. அவள் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய எழுத்துகள்தான். மை கூடிப்போய்க் கழித்த தாள்களை அச்சக முதலாளி சின்னராசா அண்ணை கடைகளுக்குக் கொடுத்துவிடுவார்; மல்லாவியில் அந்த மாதம் பணிஸ் வாங்கின சனமெல்லாம் பாம்பைப் பற்றி ஒரு பக்கமாவது வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கும். அவளிடம் வந்தது நாற்பத்தோராம் பக்கம். மேலே ஒரு பாம்பு, கீழே ஒரு பாம்பு. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் வெள்ளை வளையங்கள்.

மேலே இருந்த பாம்பின் கழுத்தில் வளையம் இல்லை. உடலின் முன்பாதி வெறும் கறுப்பாகக் கிடந்து, வாலை நோக்கிப் போகப் போக வளையங்கள் இரண்டிரண்டாகத் துலங்கின. அது கட்டு விரியன். படத்தின் கீழே ‘ஓநாய்ப் பாம்பு: விஷமற்றது’ என்று போட்டிருந்தது.

அவள் கீழ்ப்படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் மேல்படத்தைப் பார்த்தாள். படங்கள் இரண்டும் இடம் மாறிக் கிடந்தன.

ஜெயரூபினி முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, சொந்த வலை வைத்து ஆள்விட்டு இழுப்பித்தவர். அவள் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஊர் எரிந்தபோது ஒரு துணிப்பையோடு நடக்கத் தொடங்கி, மூன்று இடம் மாறிக் கடைசியில் மல்லாவியில் வந்து நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து மிதி அச்சு யந்திரம் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்த சின்னராசா, கை பழகின ஒருத்தரும் கிடைக்காமல் அவளை எழுத்துக் கோர்க்க வைத்தார். ஆறு மாதத்தில் அவள் கண் இடம் வலம் மாறிக் கிடக்கும் ஈய எழுத்தை நேரெழுத்தைவிட வேகமாக வாசிக்கப் பழகிவிட்டது. கலியாண அழைப்பிதழ், செத்தவீட்டு நோட்டீஸ், பள்ளிக்கூடச் சோதனைத்தாள். இவை தவிர வேறொன்றும் அந்த யந்திரத்துக்கு வந்ததில்லை, இராசேஸ்வரி ரீச்சர் பாம்புப் புத்தகத்தோடு வரும்வரை.

ரீச்சர் விலங்கியல் படித்து, பாம்பின் விஷத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினவா. இடம்பெயர்ந்து வந்து கிடுகுக் கொட்டிலில் பத்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தா. அந்த வருஷம் காடு வெட்டிக் கொட்டில் போட்ட சனம் மண்தரையில் படுத்தது. படுத்த இடத்தில் பாம்பு கடித்தது. ரீச்சர் தன் ஆராய்ச்சிக் குறிப்புகளையும், எங்கெங்கோ ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகளில் தான் எழுதி வைத்திருந்தவற்றையும் எடுத்து, நூற்றிருபது பக்கத்தில் தமிழில் ஒரு புத்தகம் எழுதினா.

“ரீச்சர், சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்குது. நூற்றிருபது பக்கத்தை ஆர் வாசிக்கப்போகினம்? இது கடிச்சாச் சாவு, இது கடிச்சா ஒண்டுமில்லை எண்டு ஒரு துண்டுப்பிரசுரம் அடிச்சாக் காணாதே?” என்று கேட்டார் சின்னராசா.

“துண்டுப்பிரசுரம் கிழிஞ்சு போகும் சின்னராசா. ஏனெண்டு விளங்கினதுகள்தான் நாங்கள் எழுதாத ஒண்டு நடக்கேக்கையும் யோசிக்குங்கள்” என்றா ரீச்சர்.

ஜெயரூபினிக்கு அந்தப் பேச்சு அன்று விளங்கவில்லை. கோர்க்கத் தொடங்கியபிறகு விளங்கியது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் போய் எப்படி வாசலை அடைக்கிறது என்று ஒரு பந்தி. அதை மூன்று தரம் வாசித்தும் பிடிபடாமல், அடுத்தநாள் ரீச்சர் வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரீச்சர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, “எந்த இடத்திலை வழுக்குது, காட்டும்” என்றா. அந்தப் பந்தியை அங்கேயே அடித்துத் திருப்பி எழுதினா. “உமக்கு விளங்கேல்லையெண்டா எழுதினவளிலைதான் பிழை. ஆனா ஒண்டு, விளங்கவேணுமெண்டு நான் பொய் எழுதமாட்டன். சுகமான பொய்யை விடக் கஷ்டமான உண்மை எழுதுவன். நீர் அதை எனக்குச் சுகமாக்கித் தாரும்.” அப்படி இரண்டு மாதம். பாம்பு ஏன் பால் குடிக்காது, கடித்த இடத்தை ஏன் கீறக் கூடாது, கட்டு விரியன் கடித்தால் ஏன் நோவதில்லை. ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டு வர, தன் தலைக்குள் ஒரு அறை புதிதாகத் திறந்ததுபோல ஜெயரூபினிக்கு இருந்தது. வீதியில் போகும்போது, எனக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வாள்.

படம் ரீச்சரே கீறினது. தச்சன் ஒருவர் பாலைமரத்தில் செதுக்கிக் கொடுத்தார். நாற்பத்தோராம் பக்கத்தின் புறூவை, பிழை பார்க்க எடுத்த முதற்படியை, ரீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தா. அன்றைக்குப் படம் சரியான இடத்தில்தான் இருந்தது.

வாங்கில் இருந்தபடியே ஜெயரூபினிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அச்சடிக்கிற அன்று படக்கட்டைகள் இரண்டும் உயரம் காணாமல் மங்கலாக விழுந்தன. அடியில் கடுதாசி மடித்து வைக்கலாம் என்று இரண்டையும் வெளியே எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கிபிர் விமானம் வந்தது. கைக்கொன்றாகக் கட்டைகளைப் பிடித்தபடியே ஓடிப்போய்ப் பங்கர்க் குழிக்குள் விழுந்தாள். இரண்டு குண்டு துணுக்காய்ப் பக்கம் விழுந்தது. மண் கொட்டியது. காதைப் பொத்தினாள், சிலுவை போட்டாள், பக்கத்தில் கிடந்த யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்தாள். வெளியே வந்து, எது மேலே எது கீழே என்று பார்க்காமல் கட்டைகளைத் திரும்ப வைத்து, “ஓட்டுங்கோ அண்ணை” என்றாள். கையெழுத்து வைத்த பக்கம் என்பதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முந்நூறு புத்தகம். அச்சகத்தில் மிஞ்சியிருந்தது ஐம்பதுக்குக் கிட்ட. மிச்சம் பள்ளிக்கூடங்களுக்கும் முகாம்களுக்கும் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது.

அன்று திங்கட்கிழமை. பின்னேரம் சின்னராசாவிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். “கத்தாதை பிள்ளை. தாள் எங்கையிருக்குத் திருப்பி அடிக்க? இந்தத் தாளே ஓமந்தையாலை வந்த கொப்பியளைக் கிழிச்சு எடுத்தது. எழுத்துச் சரிதானே? வாசிக்கிறவைக்கு விளங்கும். ரீச்சர் கேட்டா, கட்டை செதுக்கினவன்ரை பிழையெண்டு சொல்லுவம். அவன் இப்ப மன்னார்ப் பக்கம் போயிட்டான்.” அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பயம். எல்லாருக்கும் ஏதோ ஒரு பயம் இருந்த காலம் அது. ஜெயரூபினி தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தாள். புதன்கிழமையும் வந்தாள். அவளுடைய கை, எழுத்துப் பெட்டிக்குள் தவறான அறைக்குப் போனது. ‘அ’ கிடக்கும் அறையில் ‘சு’ கிடந்தது. கொட்டிலில் படுத்தால் பாயின் விளிம்பு காலில் படும்போதெல்லாம் திடுக்கிட்டு எழும்பினாள். ஆர் படத்தைப் பார்க்கப்போகினம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாதவனும் முதலில் திறக்கப்போவது படத்தைத்தானே என்ற நினைவு அதற்குப் பின்னாலேயே வந்து நின்றது. வியாழக்கிழமை காலை, அச்சகத்தைத் தாண்டி நேரே பள்ளிக்கூடக் கொட்டிலுக்குப் போனாள்.

ரீச்சர் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தா. நாற்பத்தோராம் பக்கத்தை வாங்கிப் பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தா. வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்கும் சத்தம் கேட்டது.

“எப்ப தெரியும் உமக்கு?”

“திங்கட்கிழமை ரீச்சர்.”

“இண்டைக்கு வியாழன்.”

ஜெயரூபினி மேசைக்குக் கிட்ட வந்தாள். பிறகு, “தச்சன்ரை பிழையெண்டு சொல்லச் சொன்னவை. அது பொய். நான்தான் மாத்தி வைச்சனான்” என்றாள்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தா. துடைத்து முடிந்தபிறகும் துடைத்தா. “பதினைஞ்சு வருஷம் படிச்சனான் இதை” என்றா மெதுவாக. “அவ்வளவும் கடைசியிலை ரெண்டு மரக்கட்டையிலை வந்து நிக்குமெண்டு நான் நினைக்கேல்லை.” ஏசினால் நன்றாக இருக்குமென்று ஜெயரூபினிக்கு இருந்தது. ரீச்சர் ஏசவில்லை. மேசை லாச்சியைத் திறந்து புத்தகம் போன இடங்களின் பட்டியலை எடுத்தா. “பள்ளிக்கூடங்களுக்கு நான் போறன். முகாமுகளுக்கு நீர் போம். கெதியா.”

வெள்ளிக்கிழமை முழுக்கத் திருத்தச் சீட்டு அடித்தார்கள். பழைய சோதனைத்தாள்களின் வெறும்பக்கத்தில், கட்டைகளைச் சரியாக வைத்து. இந்தத் தரம் சின்னராசாவே மூன்றுமுறை பார்த்தார். தன் சைக்கிளை ஜெயரூபினிக்குக் கொடுத்தார். சனிக்கிழமை மூன்று முகாம். கோதுமை மாப்பசையை ஒரு வெறும் மீன் தகர ரின்னுக்குள் விட்டுக் கொண்டுபோய், ஒவ்வொரு புத்தகமாகத் தேடி ஒட்டினாள். சிலர் ஒரு பக்கத்துக்காகவா இந்த மழைக்குள் வந்தாய் என்று சிரித்தார்கள். ஒரு வீட்டில் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்கள், பாம்பு வராது என்று.

ஞாயிறு காலை வவுனிக்குளத்துப் பக்கம் போனாள். அணைக்கட்டின் கீழே முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம் தறப்பாள் சீலையால் கொட்டில் போட்டு இருந்தது. கடலில் வலை இழுத்த ஆட்கள் குளத்தில் தெப்பம் விட்டு மீன் பிடித்துச் சீவித்தார்கள். வழக்கமாக ஞாயிறு காலையில் அந்தப் பக்கம் செபம் கேட்கும். அன்றைக்குக் கொட்டில் வாசல்களில் சனம் கும்பல் கும்பலாக நின்று கதைத்தது. தையல்மெஷினுக்கு முன்னால் ஒரு பெண் தைக்காமல் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். மெஷின் மேல் அந்தப் புத்தகம் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

“அக்கா, உந்தப் புத்தகத்திலை ஒரு திருத்தம் ஒட்டவேணும்” என்றாள் ஜெயரூபினி.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “எத்தினையாம் பக்கம்?”

“நாற்பத்தொண்டு.”

அவள் பெயர் இராசமலர். எழும்பி வந்து, ஜெயரூபினியின் கையிலிருந்த சீட்டைப் பறித்து வாசித்தாள். வாசித்துவிட்டு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கத்தினாள். “நான் சொன்னனான்! எழுத்து ஒண்டு சொல்லுது, படம் ஒண்டு சொல்லுதெண்டு எத்தினை தரம் சொன்னனான்! ஆர் இதை அடிச்சது? எனக்கு அவையின்ரை முகத்தைப் பாக்கவேணும்!”

“நான்தானக்கா.”

இராசமலரின் கை இறங்கியது. நடந்ததை இராசமலர் சொல்லத் தொடங்கினாள். பக்கத்துக் கொட்டில் யாகப்புவின் மனுசி, செபமாலை என்பவளை, அன்று விடியற்புறம் ஏதோ கடித்திருக்கிறது. எறும்பு என்றுதான் நினைத்தாளாம். யாகப்பு பாயை உதறினபோது பாம்பு. மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டு, இராசமலரை எழுப்பிப் புத்தகம் கேட்டிருக்கிறார். வாசிக்கத் தெரியாத மனிதர். ஜாம்போத்தல் விளக்குக்குக் கிட்டப் பாம்பையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சொட்டாக அதே பாம்பு. கீழே என்ன எழுதியிருக்கென்று கேட்டார். ‘விஷமற்றது’ என்று இராசமலரே வாசித்திருக்கிறாள். யாகப்பு சிலுவை போட்டுவிட்டு, படு என்று மனுசிக்குச் சொல்லிவிட்டார்.

“எனக்குத்தான் மனம் கேக்கேல்லை. மற்றப் பக்கத்தை வாசிச்சன். கழுத்திலை வளையம் இருக்காது, நடுமுதுகிலை செதில் பெரிசா ஆறுமூலையா இருக்குமெண்டு கிடந்தது. விளக்கைப் பிடிச்சுப் பாத்தன், இருந்தது. கடிச்ச இடம் நோகாது, வீங்காது, வயித்துக்கை நோகுமெண்டு கிடந்தது. செபமாலை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறா. உது கட்டு விரியன் எண்டன். யாகப்பு அண்ணை படத்தைக் காட்டுறார். அச்சிலை வந்தது பிழைக்குமோ எண்டு கேக்கிறார். நான் எழுத்தும் அச்சுத்தானே எண்டு சொல்லுறன். சண்டை. ஒரு மணித்தியாலம். பிறகு செபமாலை கண்ணைத் திறக்க ஏலாமல் கிடக்குதெண்டா. அதுக்குப் பிறகுதான் ஆசுபத்திரிக்கு ஏத்திக்கொண்டுபோக உழவுமெஷின் பிடிச்சது.”

ஒரு மணித்தியாலம். ஜெயரூபினி அதைக் கேட்டபோது அவள் மனம் வேறொன்றைக் கூட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய், புதன். அந்த இரண்டு நாளும் அவள் வாய் திறந்திருந்தால் இந்தச் சீட்டு நேற்று முன்தினமே இந்தத் தையல்மெஷினுக்கு மேல் இருந்திருக்கும்.

“உசிரோடை இருக்கிறாவோ?”

“போகேக்கை இருந்தவா.”

இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள். மழைக்குக் கரைந்த செம்மண் பாதை. சில இடத்தில் இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. இராசமலர் பின்னால் இருந்தாள். புத்தகத்தைப் பொலித்தீன் சொப்பிங் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகியிருந்தாள். எதிரே ஆசுபத்திரிப் பக்கமிருந்து ஒரு உழவுமெஷின் வந்தது. பின்னால் இழுத்த பெட்டியில் ஆட்கள் இல்லை. ஓட்டி வந்தவரைக் கேட்கலாம் என்று ஜெயரூபினி வாயெடுத்தாள். பிறகு கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஆசுபத்திரி என்பதும் ஒரு நீளக் கொட்டில்தான். கடைசிக் கட்டிலில் செபமாலை கிடந்தா. தொண்டைக்குள் குழாய் விட்டுக் கறுப்பு ரப்பர்ப் பை ஒன்று பூட்டியிருந்தது. யாகப்பு கட்டில் விளிம்பில் இருந்து அதை இரண்டு கையாலும் அமத்தி அமத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கரைவலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். அமத்தும்போது அவர் உதடும் அசைந்தது. மருந்து ஏற்றியாகிவிட்டது என்றா நேர்ஸ். மூச்சு தானாக வர ஒருநாளும் எடுக்கலாம், நாலு நாளும் எடுக்கலாம். மூச்சு விடுகிற மெஷின் உள்ள இடத்துக்குப் பாதை இல்லை. அதுவரைக்கும் கைதான்.

“எத்தினை மணியிலையிருந்து அமத்துறியள் அண்ணை?” என்று கேட்டாள் இராசமலர்.

“ஏழு.” அப்போது பன்னிரண்டரை.

“குடுங்கோ” என்று ஜெயரூபினி கையை நீட்டினாள். யாகப்பு அவள் யாரென்று கேட்கவில்லை. எப்படி அமத்துவது என்று காட்டினார். அமத்து, விடு, இரண்டு எண்ணு, அமத்து. பை சூடாக இருந்தது, அவருடைய கைச்சூடு. அவர் விரல்களை விரிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெயரூபினி அமத்திக்கொண்டே சொன்னாள். பேச்சு அவளையும் மீறி வந்தது. அந்தப் பக்கம் தான் அடித்தது என்று, கட்டையை மாற்றி வைத்தது தான் என்று, திங்கட்கிழமையே தெரியும் என்று, மூன்று நாள் பயத்தில் வாய் மூடிக் கிடந்தது என்று. யாகப்பு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பார்வை அவளுடைய கையிலேயே இருந்தது.

“கதைக்காதை தங்கச்சி” என்றார் கடைசியில். “கதைக்கேக்கை எண்ணிக்கை விட்டுப்போடுவாய். அமத்து.”

அவள் அமத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து நேர்ஸ் வந்து செபமாலையின் கண்ணிமையை விரலால் உயர்த்திப் பார்த்தா. விட்டதும் இமை விழுந்தது. “மயக்கமெண்டு நினையாதையுங்கோ. அவவுக்கு எல்லாம் கேக்கும். அசைய ஏலாது, அவ்வளவுதான். பயப்படாமல் இருக்க ஏதேன் நல்ல கதை சொல்லுங்கோ” என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா.

ஜெயரூபினியின் கை ஒரு எண்ணிக்கை தவறிப் பிறகு பிடித்துக்கொண்டது. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த மூடிய முகத்துக்குள் போய்விட்டிருந்தது. அங்கிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை, கோபமுமில்லை, மன்னிப்புமில்லை. நல்ல கதை ஒன்றைத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இராசமலர் செபமாலையின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். யாகப்பு இருந்தபடியே சுவரில் தலைசாய்த்துக் கண்ணை மூடினார். விரல்கள் மட்டும் இன்னும் வளைந்து பிடித்த மாதிரியே இருந்தன.

கிடுகுக்கு மேல் மழை கூடியது. ஜெயரூபினி அமத்தினாள், விட்டாள், இரண்டு எண்ணினாள். செபமாலையின் கழுத்தில் கறுப்பு நூலில் கோர்த்த சின்ன மாதா சுரூபம் ஒன்று நெஞ்சில் கிடந்தது. கை அமத்தினபோது அது மெல்ல மேலே எழும்பியது. கை விட்டபோது இறங்கியது. மறுபடி எழும்பும்வரை அவள் மூச்சு விடவில்லை.